அப்பா எடுத்த வகுப்பு



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா மூன்றாம் வகுப்பு. மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் பக்கத்தில் இருபது வருஷமாக இளநீர் விற்கிறார். நான் ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோவில் சேர்ந்தபோது, "நம்ம ஊருக்கேத்த படிப்புடா" என்று சந்தோஷப்பட்டார்.

போன வருஷம் எங்கள் ஊர் ஓட்டல் ஒன்றிலேயே தொழிற்பயிற்சி. முள்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு நாள் காலையில் வெளிநாட்டுப் பயணி ஒருவர், "ஐந்து ரதங்களை எத்தனை கற்களை அடுக்கிக் கட்டினார்கள்?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லக் கூச்சம். "நிறைய கல், சார்" என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

இரவு அப்பாவிடம் சொன்னேன். அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

"அடப்பாவி! ஒவ்வொரு ரதமும் ஒரே பாறைடா. மேலேயிருந்து கீழே செதுக்கிக்கிட்டு வந்திருக்காங்க. தர்மராஜ ரதத்துக் கீழ்த்தளத்தைப் பாரு, வேலை முடியாமலே நிக்குது."

"உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"கைடுங்க பேசுறதைத்தான் தினமும் கேக்கிறேனே."

மறுநாள் அந்தப் பயணியைத் தேடிப்போய்த் தவறைத் திருத்திச் சொன்னேன். அவர் கைகுலுக்கினார். அந்தப் பாராட்டு அப்பாவுக்குச் சேர வேண்டியது.

1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த நினைவுச்சின்னங்கள் இருக்கிற ஊர் இது. 1957-லிருந்து இங்கே அரசு சிற்பக் கல்லூரியும் இருக்கிறது. அதே ஊரில் பிறந்து, சுற்றுலாத் தொழிலுக்கே படிக்கிற எனக்கு வாசலில் நிற்கும் பாறையைப் பற்றித் தெரியவில்லை! மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-10-ல் தொடங்கிய ‘ஹுனர் சே ரோஸ்கார் தக்’ திட்டத்தில் சமையல், பரிமாறுதல் என்று இளைஞர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி தந்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஐம்பது வயது இளநீர்க்காரருக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும் யார் வகுப்பு எடுப்பது? பயணி ஊருக்குள் வந்ததும் முதலில் பேசுவது அவர்களிடம்தானே!

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். மாதம் ஒரு சனிக்கிழமை ஊருக்குள் போவோம். நமக்குத் தெரிந்த சுத்தம், நாலு வரி இங்கிலீஷ், முதலுதவி ஆகியவற்றை அவர்களுக்குச் சொல்லித் தருவோம். அவர்களுக்குத் தெரிந்த ஊர்க் கதையை நாம் கேட்டுக்கொள்வோம்.

முதல் வகுப்புக்கு வாத்தியார் தயார். அப்பாவிடம் கேட்டுவிட்டேன். "நானா? போடா!" என்றார். ஆனால் அன்றைக்கே வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டார்.