படுவான்கரையில் ஒரு சேர்வர்

மண்முனைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஏறும்போது காலை ஏழரை. 2014இல் இந்தப் பாலம் திறக்கும்வரை மட்டக்களப்பு வாவியைப் பாதை எனும் மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும் தம்பிக்கு மட்டக்களப்பைச் சுற்றியுள்ள சிறு கடைகள், ஆலைகளின் கொம்பியூட்டர்களைப் பார்ப்பதுதான் தொழில். அன்று கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து அழைப்பு: இரவு கரண்ட் போய் வந்த பிறகு பில் போடுகிற கொம்பியூட்டரில் பொதுக் கணக்குகள் திறக்கவில்லையாம்.

ஆலைக் கந்தோரின் மூலையில், கதவில்லாத அலுமாரிக்குள் ஒரு பழைய கொம்பியூட்டர். அதுதான் சேர்வர். விசிறியில் தவிடு அப்பியிருந்தது. உள்ளே லினக்ஸும் சம்பா என்ற மென்பொருளும் ஓடுகின்றன.

"விண்டோஸ் போட்டா சேர்வருக்கு ஒரு லைசென்ஸ், அதுக்கு மேல ஆளுக்கு ஒண்டு. சின்ன ஆலைக்குக் கட்டாது அண்ணே" என்றான் தம்பி.

2012 டிசம்பரில் வந்த சம்பா 4.0 முதல், மைக்ரோசொஃப்டின் அக்டிவ் டிரக்டரி செய்யும் வேலையை இந்த இலவச மென்பொருளும் செய்கிறது. டிரக்டரி என்பது ஆலையின் ஆள்பேரேடு. நெல் நிறுப்பவர் யார், பில் போடுபவர் யார், சம்பளக் கணக்கு யார் கண்ணில் படலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஓரிடத்தில் பெயரை மூடினால் போதும். டிரக்டரி வருமுன் ஆலையில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான். அதுவும் திரையிலேயே ஒட்டியிருந்ததாம்.

தம்பி சேர்வரைத் தொடவேயில்லை. பில் கொம்பியூட்டரின் திகதியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அது 2015 ஜனவரி முதலாம் திகதியில் நின்றது. மூடியைக் கழற்றி, கரண்ட் இல்லாதபோது உள் மணிக்கூட்டை ஓட்டும் காசளவு பற்றரியை நகத்தால் நெம்பி எடுத்தான்.

டிரக்டரி ஆளைச் சரிபார்த்து அனுமதிச் சீட்டு கொடுக்கும் முறைக்குக் கேர்பரோஸ் என்று பெயர். அதில் ஒவ்வொரு கோரிக்கையிலும் நேரம் பதிந்திருக்கும். சேர்வரின் நேரத்தோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் செல்லாது. யாராவது பழைய கோரிக்கையைக் களவெடுத்துப் பிறகு நீட்டக்கூடாது என்பதற்கான காவல் அது.

"நேரம் பிழைச்சா சேர்வர் ஆளை நம்பாது" என்றான். புதுப் பற்றரியைப் போட்டு, சேர்வரிடம் நேரம் கேட்கும் சேவையையும் ஓடவிட்டான். கணக்குகள் திறந்தன.

பார்த்துக்கொண்டிருந்த முதலாளி சொன்னார்: "மனே, எங்களுக்கு இது புதுசில்ல. இந்தக் கரைக்கு ஒரு நேரம், அந்தக் கரைக்கு ஒரு நேரம் இருந்த காலம் தெரியுமா?"

1996இல் அரசு மணிக்கூட்டை முன்னே தள்ளியபோது இந்தப் படுவான்கரை உட்பட விடுதலைப் புலிகளின் பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. அந்த ஒக்டோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரை வித்தியாசம் அரை மணி. அரசின் பக்கமிருந்த எதிர்க்கரையான எழுவான்கரைக்குப் போகிறவர்கள் மனதுக்குள் அரை மணியைக் கூட்டிக்கொண்டே வாவியைக் கடந்தார்கள்.

புறப்படும்போது கந்தோர்ச் சுவரைப் பார்த்தேன். மணிக்கூடு ஏழு நிமிடம் முந்தி ஓடியது. தம்பி திருத்தக் கையைத் தூக்கினான்.

"அதை விடு மனே. அது வேலையாட்கள் நேரத்துக்கு வாறதுக்கு."