தேக்காவிலிருந்து துருவம் வரை

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் உள்ள கேம்பல் லேன் பூக்கடைகளுக்கு மல்லிகை விமானத்தில் வருகிறது. தமிழ்நாட்டில் விடியற்காலையில் பறித்த மொட்டு, தெர்மோகோல் பெட்டியில் ஐஸோடு அடைபட்டுக் கடல் தாண்டி, வாடாமல் தேக்காவுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. "பெட்டி சூடாயிட்டா அவ்வளவுதான் அண்ணே. உள்ளேயே மலர்ந்துடும். மலர்ந்த பூவை யாரு வாங்குவா?" என்றார் மாலை கட்டிக்கொண்டிருந்தவர். வடதுருவ ஆய்வாளர்களின் பெட்டிகளுக்கும் இதே விதிதான். எவ்வளவு தூரம் போனது என்பதை விட, வழியில் எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதே உள்ளே இருப்பதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. கருவிகளும் மாதிரிகளும் துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியைத் தேடும் இந்தத் தொடர், இந்த வாரம் வெயில் கொளுத்தும் சிங்கப்பூருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு.

பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டரில் இருக்கும் இந்தத் தீவு, வடதுருவ நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலின் பார்வையாளர் நாடு. 2013 மே 15 அன்று ஸ்வீடனின் கிருனா நகரில் நடந்த கூட்டத்தில் சீனா, ஜப்பான், தென்கொரியா, இத்தாலி ஆகியவற்றோடு இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அந்த இடம் கிடைத்தது. கிரீன்லாந்தின் பனி உருகினால் தாழ்வான தீவுகள்தான் முதலில் கவலைப்பட வேண்டும். ரஷ்யாவின் வடகரையை ஒட்டிய கடல்வழி கோடையில் நீண்ட நாட்கள் திறந்திருந்தால், மலாக்கா நீரிணையை நம்பி வாழும் துறைமுகம் அதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். இங்கே இயங்கிய கெப்பல் சிங்மரீன் கப்பல் தளம், லூக்காயில் என்ற ரஷ்ய எண்ணெய் நிறுவனத்துக்காக வரந்தேய், தோபோய் என்ற இரண்டு பனியுடைப்புக் கப்பல்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. பெச்சோரா கடலின் உறைபனியைப் பிளக்கும் உருக்கை, வியர்வை வழிய வெல்டிங் செய்தவர்கள் இந்த ஊர்த் தொழிலாளர்கள்.

சாங்கி விமான நிலையச் சரக்கு வளாகத்தில் சாட்ஸ் நிறுவனத்தின் கூல்போர்ட் 2010 முதல் இயங்குகிறது. மீன், இறைச்சி, பூ, தடுப்பூசி என்று குளிர் குறையக்கூடாத சரக்குகள் விமானத்துக்கும் லாரிக்கும் நடுவே தங்கும் இடம் அது. ஆய்வு மாதிரிகளுக்கும் இத்தகைய குளிர்கூடம்தான் உயிர். விமானத்தின் வயிற்றுக்குள் பெரும்பாலும் ஆபத்தில்லை. தார்த்தரையில் வெயிலில் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது எல்லாம்.

உறைந்த மாதிரியை அனுப்ப வழக்கமான துணை உலர்பனி. திடமாக்கிய கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். அது நீராக உருகாது, நேராக வாயுவாகிவிடும். அதனால் அந்தப் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடவே கூடாது. மூடினால் அழுத்தம் ஏறி வெடிக்கும். வெளியேறும் வாயு சரக்கறையில் தேங்கினால் உயிருள்ள சரக்குக்குக் கேடு. எனவே ஒவ்வொரு பெட்டியின் மேலும் யு.என். 1845 என்ற எண்ணையும், உள்ளே எத்தனை கிலோ உலர்பனி என்பதையும் எழுதியாக வேண்டும்.

இன்னும் கடுங்குளிர் வேண்டுமானால் திரவ நைட்ரஜன். அதையும் அப்படியே ஊற்றி அனுப்புவதில்லை. குடுவையின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் பொருள் நைட்ரஜனை உறிஞ்சிக்கொண்ட பிறகு, மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் குடுவையை மட்டும் அனுப்புகிறார்கள். கவிழ்ந்தாலும் சிந்தாது, ஒரு வாரத்துக்கு மேல் குளிர் நிற்கும். மிதவை உயிரிகளையும் மீன்குஞ்சுகளையும் எத்தனாலில் ஊறவைத்து அனுப்புவோருக்கு வேறு கணக்கு. எத்தனால் தீப்பற்றும் சரக்கு. ஆனால் ஒவ்வொரு உள்உறையிலும் 30 மில்லிலிட்டருக்கும், மொத்தப் பெட்டியில் 1 லிட்டருக்கும் மிகாமல் அடைத்தால், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதிநூலில் உள்ள ஏ180 என்ற பிரிவு வழிவிடுகிறது. உலகெங்கும் உயிரியலாளர்கள் அந்தப் பிரிவின் எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

இனி நம் சென்னையின் கதை. இந்தத் தொடரை எழுதத் தூண்டியதே அதுதான்.

இந்தியாவின் வடதுருவ நிலையமான ஹிமாத்ரி, ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் நீ-ஓலெசுன் என்ற சிற்றூரில் 2008 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்து, 1962இல் 21 தொழிலாளர்களைப் பலிகொண்ட விபத்துக்குப் பின் சுரங்கம் மூடப்பட்டு, ஆய்வு ஊராக மாறிய இடம் அது. அதை ஒட்டிய காங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில் 2014 ஜூலையில் 'இண்ட்ஆர்க்' என்ற நீரடி ஆய்வு நிலையம் இறக்கப்பட்டது. அதை வடிவமைத்தது சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். கோவாவின் துருவ ஆய்வு மையமும் கைகோத்திருந்தது. இறக்கியது நார்வேயின் 'லான்ஸ்' என்ற ஆய்வுக் கப்பல். ஏறத்தாழ 192 மீட்டர் ஆழத்தில் நங்கூர எடை கிடக்க, கயிறு மேல்நோக்கி நிற்க, வெவ்வேறு ஆழங்களில் கட்டிய உணர்கருவிகள் வெப்பத்தையும் உப்பையும் நீரோட்டத்தையும் பதிந்துகொண்டே இருந்தன. மனிதர் நெருங்க முடியாத துருவக் குளிர்காலத்தின் கடலைப் பற்றி அந்தப் பதிவுகள் சொல்லும்.

சொல்லும், ஆனால் உடனே சொல்லாது. அடுத்த கோடையில் கப்பல் போய் ஒலிச் சமிக்ஞை அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுக் கொக்கி திறந்துகொள்ளும். எடை அடியிலேயே தங்க, மிதவை கருவிகளைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். தரவை எடுத்து, பேட்டரி மாற்றி, துருவும் பாசியும் சுரண்டி, மறுபடி இறக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காக மாற்று உதிரிகளும் புதிய பேட்டரிகளும் முன்கூட்டியே நீ-ஓலெசுன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு திருகாணி வராமல் போனாலும் அங்கே போய் வாங்கக் கடை கிடையாது.

இங்கேதான் சரக்கு அனுப்புகிறவரின் திறமை விஞ்ஞானத்தின் பகுதியாகிவிடுகிறது. நெடுங்காலம் நீரடியில் உழைக்கும் கருவிகள் பலவும் லித்தியம் பேட்டரியில் ஓடுபவை. தனியாக அனுப்பும் லித்தியம் உலோக பேட்டரிகளுக்குப் பயணிகள் விமானத்தில் 2015 முதல் இடமில்லை. லித்தியம் அயான் வகையைத் தனியாக விமானத்தில் ஏற்றினால் 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்று 2016இல் விதி வந்தது. மரப்பெட்டி என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய முத்திரை வேண்டும்; பூச்சி நாடு கடக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் நார்வேயின் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் மண்ணும் நீரும் பெருநிலத்தைத் தொடும்போது அயல்நாட்டுச் சரக்காகக் கணக்கிடப்படும். லாங்இயர்பியனிலிருந்து நீ-ஓலெசுனுக்குப் பறப்பது சிறிய விமானம். கனமான பெட்டிகளைக் கப்பல்தான் சுமக்க வேண்டும். ஒரு தாள் குறைந்து ஒரு பெட்டி கப்பலைத் தவறவிட்டால், போவது ஒரு வாரம் அல்ல, ஒரு பருவம். அறிக்கைகளின் நன்றிப் பட்டியலில் இந்தப் பெட்டி கட்டுவோரின் பெயர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அது நியாயமில்லை.

நீ-ஓலெசுனில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. விண்மீன்களுக்கும் அப்பாலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்டு பூமியின் அசைவை அளக்கும் ஆய்வகம் அங்கே இருப்பதால், ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு வைஃபை, புளூடூத் எதுவும் கூடாது. வழியில் வெப்பநிலையைப் பதிய இப்போது பெட்டிக்குள் வைக்கும் சிறு கருவிகளில் பல, புளூடூத் வழியேதான் பேசுகின்றன. அனுப்புகிறவர் அதைக் கவனித்து, கம்பியில் இணைத்துப் படிக்கும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2023 டிசம்பரில் இந்தியா முதன்முறையாகக் குளிர்காலக் குழுவை ஹிமாத்ரிக்கு அனுப்பியது. முழு இருட்டு மாதங்களிலும் அங்கே ஆட்கள் இருந்து வேலை செய்கிறார்கள் என்றால், கோடையை மட்டும் நம்பிய பழைய சரக்கு அட்டவணையும் மாறியாக வேண்டும்.

எல்லாச் சரக்கும் இவ்வளவு பதற்றம் தருவதில்லை. அதே ஸ்வால்பார்ட்டில் 2008 பிப்ரவரியில் திறந்த உலக விதைப் பெட்டகத்துக்குப் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சுமார் 70,000 நெல் மாதிரிகளை அனுப்பியது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை தலைமை தாங்கிய நிலையம் அது. நன்கு உலர்த்தி அலுமினியத் தாள் உறையில் அடைத்த விதை பயணத்தின் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். அங்கிருந்து முதலில் திரும்பியவை சிரியாவின் அலெப்போ விதை வங்கியின் மாதிரிகள். போரால் அந்த வங்கியை இயக்க முடியாமல் போனபோது, 2015இல் சுமார் 38,000 மாதிரிகள் லெபனானுக்கும் மொராக்கோவுக்கும் அனுப்பப்பட்டன.

பனிக்கு அந்தப் பொறுமை கிடையாது. 2017 ஏப்ரலில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் குளிர்கூடம் பழுதாகி, வடதுருவப் பனிப்பாறைகளில் துளைத்தெடுத்த பனித்தண்டுகளில் எட்டில் ஒரு பங்குக்கு அருகில் உருகிப் போனது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் காற்று அவற்றில் அடைபட்டிருந்தது. துருவத்திலிருந்து ஹெலிகாப்டர், விமானம், குளிர்லாரி என்று எல்லாம் தாண்டிப் பத்திரமாக வந்த சரக்கு, சேமிப்பறையில் அழிந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல், எந்தக் குளிர்கூடத்துக்குள் போனாலும் அதன் எச்சரிக்கை மணி யாருடைய போனில் ஒலிக்கும் என்று கேட்பது என் வழக்கம்.

மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம். கிராஞ்சியைத் தாண்டித் தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சுங்கை பூலோ ஈரநிலத்தில் பெட்டியே இல்லாத ஒரு போக்குவரத்து நடக்கிறது. இறால் பண்ணைகளாக இருந்து 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்த சேற்று நிலம். வலசைப் பருவத்தில் சைபீரியாவிலிருந்தும் திபெத்திலிருந்தும் கரைப்பறவைகள் இங்கே இரை தேட வருகின்றன. சிங்கப்பூர் தேசியப் பூங்காக் கழகத்தின் ஆய்வாளர்கள் பவளக்காலிகளையும், வளைந்த நீண்ட அலகுடைய விம்பரல்களையும் பிடித்து, உடல் எடையில் சில விழுக்காட்டுக்கு மேல் போகாத கருவிகளைப் பொருத்தி விடுகிறார்கள். அவற்றில் ஒருவகை செயற்கைக்கோளோடு பேசும். மற்றொரு வகைக்குப் பேசத் தெரியாது. வெளிச்சத்தையும் நேரத்தையும் மட்டும் பதிந்துகொண்டே இருக்கும். பகலின் நீளத்திலிருந்து அட்சரேகை, நண்பகல் நேரத்திலிருந்து தீர்க்கரேகை. ஆனால் அதைப் படிக்க, அந்தப் பறவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்த் திரும்பி, இதே சேற்றுக்கு வந்து, மறுபடி வலையில் சிக்க வேண்டும். சூரியன் மறையாத துருவக் கோடையில் பகலின் நீளமே இல்லை. எனவே நெடுவடக்கில் இருக்கும் வாரங்களில் அந்தக் கருவி இடத்தைச் சொல்ல முடியாமல் திணறும். இங்கிருந்து கிளம்பிய பறவைகளில் சில இமயமலையைத் தாண்டிப் பறந்ததை இந்த ஆய்வு காட்டியது. அது 2020இல் வெளியானது.

2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற ஏழு உறுப்பு நாடுகள் ரஷ்யாவோடு கூட்டுப்பணியை நிறுத்திவைத்தன. அதற்குப் பின் ரஷ்ய வடக்கின் களங்களுக்குக் கருவி அனுப்புவதும் அங்கிருந்து மாதிரி பெறுவதும் மேற்கத்திய ஆய்வாளர்களுக்கு மிகக் கடினமாகிவிட்டது. வடதுருவக் கடற்கரையில் ஏறத்தாழ பாதி ரஷ்யாவுடையதாக இருக்கும்போது, அந்த இடைவெளியை வேறு எந்தத் தரவாலும் முழுதாக நிரப்ப முடியாது. சுங்கை பூலோவின் சின்னஞ்சிறு கருவிகளுக்கு இப்போது கூடியிருக்கும் மதிப்பு அதனால்தான்.

பறவைகளைப் பார்க்கப் போகிறவர்கள் செப்டம்பர் முதல் மார்ச் வரை போகலாம். கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து பேருந்து கிடைக்கும். ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்: கடல் ஏறி வெளிச் சேறு மூழ்கும் நேரத்தில்தான் பறவைகள் உள்குளங்களுக்கு ஒதுங்கும், அடையாளத்துக்காக ஆய்வாளர்கள் அவற்றின் கால்களில் மாட்டிய சிறு கொடிகளைக்கூட மறைவிடங்களிலிருந்து படிக்கலாம். கொடியின் நிறத்தையும் எழுத்துகளையும் குறித்துக்கொண்டால் பூங்கா அலுவலகத்தில் சொல்லிவிட்டு வாருங்கள், அவர்களுக்கு அது ஒரு பதிவு.

(தொடரும்)