வெட்டித் திறக்கும் தொட்டி

‘திருத்தும் உரிமை’ச் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூனில் நிறைவேற்றியது. வாஷிங் மெசினுக்கு அங்கே 2021 மார்ச்சிலிருந்தே ஒரு விதி உண்டு: ஒரு மாடலின் கடைசி மெசின் சந்தைக்கு வந்து பத்து ஆண்டுகள் வரை அதன் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், “மடுப் பக்கம் வாங்கோ, ஒருத்தரைக் காட்டுறன்” என்றார்.

மன்னார் மாவட்டத்து மடு வீதிப் புகையிரத நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டில். உள்ளே ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக். போர்க்காலத்தில் வன்னியில் மின்சாரம் ஏது? மண்ணெண்ணெயில் ஓடிய நீர்ப்பம்பிகளைத் திருத்தித்தான் தொழில் பழகினார். மோட்டருக்குக் கம்பி சுற்றக் கற்றது இடம்பெயர்ந்திருந்த இடத்தில். 2009க்குப் பிறகு ஊர்களுக்குக் கரண்ட் வந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் மெசின்களும் வந்தன. அவரிடம் முதலில் வந்தவை இரட்டைத் தொட்டி மெசின்கள். ஒரு தொட்டி துவைக்கும், மற்றது பிழியும்.

“இதுக்க என்ன இருக்கு தம்பி? ரெண்டு மோட்டர், ஒரு பெல்ட், கையால திருகுற டைமர், கப்பாசிட்டர். ஸ்குரூ ட்ரைவர் பிடிக்கத் தெரிஞ்சவன் திறக்கலாம்.”

கிணற்றுத் தண்ணீரை வாளியால் ஊற்றினாலும் அது ஓடும். தானியங்கி மெசினுக்கோ குழாயில் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும்; கூரை மட்டத்துத் தாங்கி அதில் மூன்றில் ஒரு பங்கு தருவதே பெரிது. தண்ணீர் நூலாக வர, மெசின் ஏதோ ஓர் எண்ணைக் காட்டி நின்றுவிடும். பழுதே இல்லாத மெசினை லேண்ட்மாஸ்டரில் ஏற்றி வந்தவர்களும் உண்டாம். மின்னழுத்தம் ஏறி இறங்கி எரிந்த போர்டுகள், பல்லி புகுந்து எரிந்த போர்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன.

அன்று அவர் கையில் இருந்தது முன்பக்கம் திறக்கும் மெசின். பெயாரிங் போய், பிழியும்போது இரைகிறது. 6205 என்று எண் பொறித்த அந்த பெயாரிங் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கிற சாமான். ஆனால் அதை எட்ட வழியில்லை. பழைய மாடல்களில் வெளித்தொட்டியின் இரு பாதிகளும் திருகாணியால் பூட்டியிருக்கும். இதில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிவிட்டார்கள். அவர் ஒட்டு வரையின் இரு பக்கமும் துளை போட்டு வைத்துக்கொண்டு, வரையோடே வாளால் சுற்றி அறுத்தார். பழைய பெயாரிங்கைத் தட்டி எடுத்து, ரப்பர் சீலோடு புதியதை இறக்கினார். பிறகு சிலிக்கன் பூசி, துளைகளில் போல்ட் போட்டு முறுக்கினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பொறியியலாளர்கள் வேண்டுமென்று மூடியதை, மடுவில் ஒருவர் வாளும் பொறுமையும் கொண்டு திறந்துவிட்டார்.

அந்த மெசினின் சொந்தக்காரிக்கு முன்பு வேறிடத்தில் கிடைத்த பதில்: “தொட்டியோட மாத்தோணும் அக்கா. அதுக்குப் புதுசே வாங்கலாம்.” சொன்னவருக்குப் புதியதை விற்றால் கமிஷன். சில்லறைச் சாமானுக்காக முழுத் தொட்டியின் விலையைக் கேட்பது கொள்ளை. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. 2022இல் ரூபாய் சரிந்து, இறக்குமதியும் முடங்கியபோது இந்த நாட்டு வீடுகளைத் தாங்கியவர்கள் இப்படிப்பட்ட திருத்துநர்களே.

முன்பக்கம் திறப்பவை தண்ணீரைக் குறைவாகவே குடிக்கின்றன. வறண்ட மன்னாருக்கு அது பெரிய விஷயம். அவற்றின் ஆயுள்தான் கவலை. ஜெர்மனியில் வாங்கி ஐந்து ஆண்டுக்குள் பழுதாகி மாற்றப்பட்ட பெரிய வீட்டுச் சாதனங்களின் பங்கு 2004இல் 3.5 சதவீதம், 2012இல் 8.3 சதவீதம். உப்புக் காற்றும் தளம்பும் மின்சாரமும் உள்ள நம் கரையில் நிலைமை இதைவிட நன்றாக இருக்க நியாயமில்லை.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. உதிரிப்பாகத்தைப் பத்து ஆண்டு வைத்திருக்கும் கடமையும் அதில் சேர வேண்டும். அதுவரை, கடையில் காசு கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வெளித்தொட்டி திருகாணியில் பூட்டியதா, ஒட்டியதா? போர்டு எரிந்தால் வவுனியாவிலோ மன்னாரிலோ அது தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.