குறி தவறாத துப்பாக்கிக்கு என்ன செலவாகும்?

1690-ல் கடலூர் ஒரு விநோதமான முறையில் விலை போனது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியர்களிடம் இருந்து வாங்கியது. கோட்டை மட்டும் இல்லை. அங்கிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதுவரைக்கும் உள்ள நிலமும் கம்பெனிக்கு என்று பேச்சு! நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அந்தக் கதையை இன்றும் நினைவுபடுத்துகிறது.

அந்தக் குண்டு எதன் மேல் போய் விழுகிறது என்று கம்பெனிக்காரர்கள் கவலைப்படவில்லை. தூரமாகப் போனால் போதும். துப்பாக்கி சுடுதல் விளையாட்டில் கதையே வேறு. தூரமாகவும் போக வேண்டும், நினைத்த இடத்திலும் விழ வேண்டும். இதற்காகவே இருப்பதுதான் போல்ட் ஆக்ஷன் ரைஃபிள்.

போல்ட் என்றால் தாழ்ப்பாள். வேலையும் ஏறக்குறைய அதேதான். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்டு முடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இதைக் கையால் செய்ய வேண்டும். மெதுவான வேலைதான். ஆனால் தோட்டா ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உட்காருகிறது. வெடிக்கும் நேரத்தில் அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்காக உள்ளே எதுவும் ஓடுவதில்லை. துல்லியத்துக்கு இது பெரிய உதவி.

அமெரிக்காவில் இந்த ரைஃபிளைப் பகுதி பகுதியாக வாங்கி வீட்டிலேயே சேர்ப்பது ஒரு பொழுதுபோக்கு. குழாய் ஒரு கடையில், கட்டை ஒரு கடையில், விசை ஒரு கடையில், தொலைநோக்கி இன்னொரு கடையில். இங்கே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது மாதிரி! அவர்கள் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒரு கலை. அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது சுமார் 2.9 செ.மீ. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். சுட்ட குண்டெல்லாம் அந்த வட்டத்துக்குள் கூடினால் ரைஃபிள் நல்ல ரைஃபிள்.

பி.காம் படிப்பவர்களுக்கு இதில் ரசிக்க ஒரு விஷயம் உண்டு. பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரையே கணக்குப் பாடம்தான். கையில் இருக்கும் பணம் முழுவதையும் ரைஃபிளில் போடாதே என்பார்கள். ரைஃபிள் நிலையான செலவு, தோட்டா மாறும் செலவு. தோட்டா வாங்கப் பணம் இல்லை என்றால் ரைஃபிள் வெறும் அலங்காரப் பொருள். தேய்மானமும் உண்டு. அதிவேகத் தோட்டாக்களைச் சுடும் குழாய் சில ஆயிரம் சுடுதல்களில் துல்லியம் குறைந்து, மாற்ற வேண்டியதாகிவிடும்.

சரி, இதையே சிதம்பரத்தில் ஒரு மாணவன் செய்து பார்க்கலாமா?

கூடவே கூடாது. 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது குற்றம். 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு அதற்குக் குறைந்தபட்ச தண்டனையே ஏழு வருட சிறை, அதிகபட்சம் ஆயுள். பொழுதுபோக்குக்குச் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முறையாக உரிமம் வாங்கிக் கடைக்குப் போனாலும் நெடுந்தூர ரைஃபிள் சுலபமாகக் கிடைத்துவிடாது. ராணுவம் பயன்படுத்தும் அளவுத் தோட்டா சாதாரண மக்களுக்கு இல்லை என்பது வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே உள்ள கொள்கை. அதனால்தான் .303-க்குப் பதில் .315 என்று ஓர் அளவு இந்தியாவில் நிலைத்தது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை செய்யும் .315 ரைஃபிள் பழைய லீ என்ஃபீல்டு வம்சம். போல்ட் ஆக்ஷன்தான், ஆனால் நெடுந்தூரப் போட்டிக்காகச் செய்ததல்ல.

அப்படியானால் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதானா? இல்லை. வழிகள் இருக்கின்றன.

முதல் வழி என்.சி.சி. இதற்குக் காசே வேண்டாம். கல்லூரியில் சேர்ந்து காக்கி போட்டால் .22 போல்ட் ஆக்ஷன் ரைஃபிளைப் பிடிக்கும் வாய்ப்பு கிடைக்கும். தரையில் படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்தக் கற்றுத் தருவார்கள். அங்கே முதலில் பார்ப்பது க்ரூப்பிங். ஐந்து குண்டும் ஒரே இடத்தில் கூடினால், அது மையத்தில் இல்லாவிட்டாலும் நல்ல சுடுதல். குறி பார்க்கும் கருவியைத் திருகினால் மையத்துக்கு வந்துவிடும். ஒன்று மையத்திலும் மற்றவை மூலைக்கு ஒன்றாகவும் போனால் எதைத் திருகியும் பயன் இல்லை. குறை என்னவென்றால், ஒரு சாதாரண கேடட்டுக்குக் கிடைக்கும் தோட்டாக்கள் கொஞ்சம்தான். ருசி தெரியும், வயிறு நிறையாது.

இரண்டாவது வழி ஏர் ரைஃபிள். 4.5 மி.மீ. குழாய்க்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்று 2016-ம் வருட ஆயுத விதிகள் சொல்கின்றன. ஒலிம்பிக் ஏர் ரைஃபிள் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். 10 மீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மி.மீ., பேனா முனையால் வைத்த புள்ளி போல! 4.5 மி.மீ. குண்டின் ஓரம் அதைத் தொட வேண்டும். தகுதிச் சுற்றில் 60 குண்டுகள். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9, மொத்தம் 654.

இந்த இடத்தில்தான் கடலூர் மறுபடியும் வருகிறது. இளவேனில் வாலறிவன் 1999-ல் கடலூரில் பிறந்தவர். 2019-ல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக். 2025-ல் கஜகஸ்தானில் நடந்த ஆசியப் போட்டியில் 10 மீட்டர் தங்கம். பாரிஸில் அவர் எடுத்தது 630.7. குண்டுக்குச் சராசரி 10.5. அதற்குக் கிடைத்தது பத்தாவது இடம். எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று! இந்த விளையாட்டு எவ்வளவு பொல்லாதது என்று இதிலேயே தெரியும்.

ஆனால் அவர் சுடக் கற்றது கடலூரில் அல்ல. சிறு வயதிலேயே குடும்பம் குஜராத்துக்குப் போய்விட்டது. ககன் நாரங்கின் அகாடமியில் பயிற்சி கிடைத்தது. ககனும் சென்னையில் பிறந்தவர்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். பிறந்தது இந்த மண்ணில், வளர்ந்தது வேறு இடத்தில்.

துப்பாக்கி சுடுதல் ராஜாக்கள் விளையாட்டு என்று ஒரு பேச்சு உண்டு. பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பது உண்மை. ஆனால் அதே பாரிஸில், 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே யார்? கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பையன், அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுடும் அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

இனி கணக்குக்கு வருவோம். போட்டித் தரமான வெளிநாட்டு ஏர் ரைஃபிள் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல் போகும். ஒரு நடுத்தரக் குடும்பம் பிள்ளையின் விளையாட்டுக்காக அதை வாங்குவது சாமானியமா? சீட்டுப் பணம் எடுக்க வேண்டும், இல்லை நகையை வைக்க வேண்டும். வாங்கிய பிறகு பிள்ளைக்கு இது சரிப்படவில்லை என்றால்?

அதையே ஒரு கல்லூரியோ கிளப்போ வாங்கினால்? இரண்டு லட்சத்தை 20 பேர் பகிர்ந்தால் தலைக்கு 10,000. கட்டையையும் கன்னம் வைக்கும் பலகையையும் ஆளுக்குத் தகுந்தபடி நகர்த்திக்கொள்ளலாம். அவரவர் அளவை நோட்டில் குறித்து வைத்தால் போதும். ஒரு டப்பாவில் 500 குண்டு. எட்டு முழுச் சுற்று சுட்டாலும் மிச்சம் 20 இருக்கும். இடமும் பெரிதாக வேண்டாம். சுடுபவருக்கும் இலக்குக்கும் நடுவே 10 மீட்டர், குண்டைத் தாங்கும் தடுப்பு, குறுக்கே யாரும் வர முடியாத சுவர், கண்டிப்பான ஒரு பயிற்சியாளர். கிரிக்கெட் மைதானத்துக்கு ஆகும் இடத்தில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

குறைந்த செலவில் துல்லியம் வேண்டும் என்றால் துப்பாக்கியைச் சேர்ப்பதைவிட ஆட்களைச் சேர்ப்பதுதான் இங்கே நடக்கக்கூடிய வழி. அமெரிக்காக்காரர் தனியாகத் தன் கேரேஜில் செய்வதை இங்கே இருபது பேர் கூடி ஒரு வராந்தாவில் செய்யலாம். கையில் இருப்பது வேறு துப்பாக்கிதான். ஆனால் மூச்சும் விரலும் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே.

அன்று கடலூரில் குண்டு போன தூரம் வரைக்கும் நிலத்தைக் கொடுத்தார்கள். இன்று பத்து மீட்டர் இடம் கொடுத்தால் போதும். அடுத்த இளவேனில் குஜராத்துக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. சிதம்பரத்தில் இருந்தே சுடலாம். கொடுப்பார்களா?