நன்னீர்க் குடாவும் பெயரறியா முகங்களும்

யூபிலி மலருக்கு யாதேனும் எழுதித் தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியக் கட்டுரையொன்றே தருவோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். எமது எண்ணமும் அதுவே. ஆயின், சென்ற மழைக்காலத்தில் வீட்டிலுள்ள பழைய தகரப் பெட்டியொன்றைத் துப்புரவு செய்தபோது அகப்பட்ட இரண்டு படங்கள் எம்மை வேறு வழியே இழுத்துச் சென்றுவிட்டன. ஒன்று, ஆங்கில நாட்டுக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் படம். மற்றையது எம் உறவினர் படம்.

முதற்படம் எமக்குப் பிள்ளைப் பிராயந்தொட்டே பழக்கமானது. எம் பாட்டனார் பண்டாரவளைக்கு அணித்தான தோட்டமொன்றிலே துரை பங்களாவில் அப்புவாக இருந்தவர். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை மூட்டை கட்டிப் புறப்பட்டபோது குப்பையென ஒதுக்கிய பொருள்களுள் கண்ணாடிச் சட்டமிட்ட தபாலட்டைப் படமொன்றும் கிடந்தது. சட்டம் நல்ல தேக்கு என்பதற்காகவே பாட்டனார் அதனை எடுத்து வந்தாராம். அன்றுதொட்டு அது எங்கள் லயத்துக் காம்பராவின் சுவரில், முருகன் நாட்காட்டிக்குப் பக்கத்தே தொங்கிற்று. வெண்சுண்ணப் பாறைகள் சூழ்ந்த ஒரு சிறு குடா. கடலினுள்ளே தனித்து நிற்கும் இரண்டு பாறைகள். அவற்றுளொன்று கோயில் வாயில்போல் நடுவே துளைபட்டு வளைந்திருந்தது. கூழாங்கற் கரையில் தொப்பியணிந்த இரு மாதர் எம்மைப் பாராது கடலைப் பார்த்தவாறு இருந்தனர்.

ஆறாம் வகுப்பிற் பயின்ற காலத்து, படத்தினடியிலிருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்து, "தாத்தா, இது நல்லதண்ணி ஊரு" என்று பெருமையுடன் கூறினோம். "கடல்ல ஏதுப்பா நல்ல தண்ணி? சரியா எழுத்துக்கூட்டிப் பாரு" என்று அவர் நகைத்தார். எழுத்து பிழையன்று. பிரெஷ்வோட்டர் என்பதே அவ்வூரின் பெயர். இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைற் தீவின் மேற்குக் கோடியில் அது உள்ளது.

இத்தகைய தபாலட்டைகள் அந்நாட்டிலே கணக்கற்றவை. 1860 அளவில் பிரான்சிஸ் பிரித் என்பார் ரைகேற் நகரிலே ஒரு படநிறுவனம் தொடங்கி, பிரித்தானிய நகரங்களையும் கிராமங்களையும் ஒன்றும் விடாது படம்பிடித்துவிடுவதெனத் துணிந்தார். அந்நிறுவனம் நூறாண்டுக்கு மேல் நடந்து 1971 இல் மூடப்பட்டது. படங்கள் அழியாது காக்கப்பட்டன. மீன்பிடிக் குப்பமாயினும் அங்கே ஊர்ப்பெயர் உண்டு, எண் உண்டு. எமது சுவரிலிருந்த துளைப்பாறை 1992 இல் இடிந்து கடலுள் வீழ்ந்துவிட்டது. இன்று அங்கே செல்வார் அதனைக் காணார். பண்டாரவளையில் தகரப் பெட்டிக்குள் அது இன்னும் நிற்கின்றது.

நிற்க. அவ்வூரைப் பற்றி மேலும் அறியப் புகுந்தபோதுதான் எமக்கு வியப்புக் காத்திருந்தது. அங்கே 'டிம்போலா' என்றொரு வீடு உளது. அப்பெயர் வேறெங்கிருந்தும் சென்றதன்று. நம் மலைநாட்டுத் திம்புள்ளதான். வீட்டுக்குரியவர் சாள்ஸ் ஹே கமரன். இலங்கை வரலாறு படித்தோர் கோல்புறூக் - கமரன் விசாரணைக் குழுவையும் 1833 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களையும் மறந்திரார். அக்கமரனே இவர். இங்கே கோப்பித் தோட்டங்களை வாங்கியிருந்தார். அவர் மனைவி ஜூலியா மார்கிரெட் 1815 இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863 இல், நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தனர். பொழுதுபோக்காகத்தான் கொடுத்தனர். அம்மையாரோ கோழிக்கூட்டைப் படப்பிடிப்புக் கூடமாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிவிட்டார்! கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படம்பிடித்துக் கழுவவேண்டிய காலம் அது. எதிரே அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். அயல்வீட்டுக் கவிஞர் தெனிசன், வானியலறிஞர் ஹெர்ஷல், டார்வின் முதலிய பெரியோர் பலர் அவ்வாறு அமர்ந்தனர்.

பெரியோர் படங்கள் கிடக்க. எம் கருத்தைக் கவர்ந்தவர்கள் அவ்வீட்டுப் பணிப்பெண்களே. மேரி ஹில்லியர் என்னும் ஊர்ப்பெண் தேவமாதாவாகப் பன்முறை கமராமுன் அமர்ந்தாள். மேரி றையன் என்பவள் தெருவில் இரந்துண்ட ஐரிஷ் மாதொருத்தியின் மகள். அவள் படத்தைக் கண்காட்சியிற் கண்டு மனம் பறிகொடுத்த ஹென்றி கொற்றன் என்னும் இளைஞர் 1867 இல் அவளை மணந்தார். இந்தியாவில் உயர் பதவி வகித்து, 1904 இல் பம்பாயிற் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சேர் ஹென்றி கொற்றன் இவரே. வேலைக்காரப் பெண்ணொருத்தியின் பெயரை ஒரு படம் நூற்றைம்பது ஆண்டுகளாகக் காத்துவருகின்றது.

1875 இல் கமரன் தம்பதியர் தம் சவப்பெட்டிகளையும் உடன் கொண்டு, இலங்கைக்கே வந்துவிட்டனர். களுத்துறையில் உத்தியோகம் பார்த்த மகனது வீட்டில் அம்மையார் மீண்டும் கமராவை நிறுத்தினார். அங்கே அவருக்கு முன் நின்றோருட் பலர் நம்மவர். தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாக வந்த தமிழர். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. மாணவனொருவன் தன் கைத்தொலைபேசித் திரையில் அவற்றுட் சிலவற்றை எமக்குக் காட்டினான். ஒளியும் நிழலும் அவையேதாம், கைத்திறனும் குறையவில்லை. ஆனால் மேரி ஹில்லியர் போலப் பெயருடையார் அங்கு ஒருவரேனும் உளரோ எனத் தேடினோம். குடியானவர் கூட்டம், இளம் பெண் என்றாற்போன்ற குறிப்புகளே உள்ளன.

1877 இன் தொடக்கத்தில் ஓவியர் மரியான் நோர்த் களுத்துறைக்கு விருந்தினராக வந்தார். அவர் எழுதிவைத்த செய்தியொன்று உண்டு. ஒருவனது முதுகின் அழகைக் கண்ட அம்மையார், அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். அவ்வீட்டிலே தோட்டமே இல்லை! நகைச்சுவையாகவே நோர்த் எழுதினார். நாமும் முதலில் நகைத்தோம். முதுகின் அழகு ஏட்டிலேறிற்று. அம்முதுகுக்குரியவன் பெயர் ஏறவில்லை. அம்மையாரைக் குறைகூற நாம் முன்வரவில்லை. நம்மவர் முகத்தை அக்காலத்தில் அழகெனக் கருதிப் படம்பிடித்தோர் மிகச் சிலரே. ஆயினும், 'உன் பெயர் என்ன?' என ஒரு சொற் கேட்டுப் படத்தின் கீழே எழுத எத்துணை நேரம் செல்லும்?

சென்ற ஆண்டு விடுமுறையில் சக ஆசிரியர் ஒருவருடன் அம்மையாரின் கல்லறையைக் காணச் சென்றோம். பண்டாரவளையிலிருந்து கோச்சியில் ஹற்றன். அங்கிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் பஸ். 1879 சனவரி 26 இல் காலமான அம்மையாரும், மறு ஆண்டில் மறைந்த கணவரும், தூய மரியாள் ஆலயத்து வளவில் அருகருகே துயில்கின்றனர். சுற்றிலும் தேயிலை. கல்லில் இருவர் பெயரும் தெளிவாக இருந்தன. வேலி ஓரத்தில் கொழுந்துக் கூடையுடன் சென்ற அம்மாளொருத்தி, "யாரு சொந்தக்காரவங்களா, ஐயா?" என்று வினவினாள். எமக்கு விடை கூறத் தெரியவில்லை.

இனி இரண்டாவது படம். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம்மவர் நாடற்றவராயினர். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பாட்டனார் இங்கு நின்றார். அவருடைய தங்கையார் குடும்பம் அங்கு சென்றது. புறப்படுமுன் கடவுச்சீட்டு அலுவலுக்காகப் பண்டாரவளையில் எடுத்த படமே அது. இருவர் நாற்காலியில், பிள்ளைகள் நால்வர் நின்றபடி, மடியில் ஒரு கைக்குழந்தை. எவரும் சிரிக்கவில்லை. 'ஒப்பாரிக் கோச்சி' என்று மக்கள் பெயரிட்ட அப்புகைவண்டியில் தலைமன்னார்வரை கூடச் சென்று வழியனுப்பி வந்தவர் பாட்டனார். அவர் தம் வாழ்நாளிற் கடலைக் கண்டது அன்றொருநாளே. "நம்ம சுவத்துல இருக்கிற கடல் வேற, அது வேற" என்பார், அதற்குமேற் சொல்லமாட்டார்.

தங்கையார் குடும்பம் நீலகிரிப் பக்கம், கூடலூரில் இருந்ததாக ஒரு கடிதம் வந்தது. பின்னர் வரவில்லை. சென்ற வாரம் படத்தைச் சட்டத்தினின்றும் கழற்றிப் பின்புறம் பார்த்தோம், வெறுமையாயிருந்தது. நின்ற பிள்ளைகளுள் இருவர் பெயரை எம் தந்தையார் எப்பொழுதோ கூறியது நினைவிலுண்டு. மற்றையோர் பெயரைக் கேட்க அவர் இன்றில்லை. கூடலூருக்கு எழுதலாமென்றால், யாரைத் தேடுகின்றோமென எழுதுவது? மடியிலிருந்த குழந்தைக்கு இன்று ஐம்பது வயதுக்கு மேலாகும்.

இம்மலரை வாசிக்கும் அன்பர்கள் எமது கல்லூரி நூலக வாயிலில் தொங்கும் பழைய குழுப்படத்தை அறிவர். நாற்காலியில் அமர்ந்த ஆசிரியப் பெருமக்கள் பெயர்கள் யாவும் அழகுறப் பொறிக்கப்பட்டுள்ளன. பின்வரிசைகளுக்கு 'மாணவர்' என்ற ஒரே சொல். வலப்பக்கக் கோடியில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அதுவுமில்லை. சென்ற திங்கள் அப்புத்தளையிலிருந்து வந்த மூத்த பழைய மாணவரொருவர் மூக்குக்கண்ணாடியை மாட்டி அப்படத்தை நெடுநேரம் உற்று நோக்கினார். வெறுங்காலர் மணியடிப்பவர் என்றார். பெயரையும் சொன்னார், தந்தை பெயரையும் சொன்னார். பின்வரிசையில் பதினொருவரை இனங்கண்டார். படத்தை இறக்கிப் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டோம். இன்னும் எண்மர் உளர். அறிந்தவர்கள் ஒருமுறை வந்து பார்த்துப் போகவேண்டுகிறோம். வர இயலாதோருக்குப் படத்தின் பிரதியை அனுப்பிவைப்போம்.