மலை ஏறிய பீரங்கி

பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கும் என் தம்பியின் பேரன் போன மாதம் லீவில் வந்திருந்தான். மேட்டுப்பாளையம் லாரிச் சத்தத்துக்கு நடுவே வாசலில் உட்கார்ந்து, "உனக்கு அங்கே என்னப்பா வேலை?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டரில் சண்டை நடத்துகிறோம் தாத்தா" என்றான்.

சாம்பாஞ் பகுதியில் மாயி என்ற ஊரில் ராணுவ முகாம் இருக்கிறது. அதிகாரிகள் கட்டளையிடப் பழகும் இடம். போர் முழுவதும் திரையில்தான். முன்பு ஒவ்வொரு கம்பெனியையும் நகர்த்தவும், எதிரியாக நடிக்கவும் பின்னறையில் ஒரு கூட்டமே உட்கார வேண்டும். ‘சிப்பியோ’ என்ற மென்பொருள் வந்து அந்தக் கூட்டத்தைக் குறைத்தது. பிறகு வந்தவையும் அப்படித்தான். "அந்தக் கிராமத்தைப் பிடி" என்றால் போதும். திரையிலுள்ள கம்பெனி தானே வழி தேடும், பதுங்கும், சுடும், மேலிடத்துக்கு அறிக்கையும் அனுப்பும்.

"எதிரியையும் அதுவே நடத்துமா?"

"ஆமாம் தாத்தா, நாம் எழுதிக் கொடுத்த விதிப்படி."

எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. அவர் சொல்தா, இந்தோசீனாவில் இருந்தவர். தியென் பியென் பூ கதையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். சுற்றியிருந்த மலைகளில் பெரிய பீரங்கிகளை ஏற்றி நிறுத்தித் தாக்க வியட்மின்னால் முடியாது என்று பிரெஞ்சுத் தளபதிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். அவர்களோ கயிறு கட்டிக் கையாலேயே இழுத்து ஏற்றிவிட்டார்கள். 1954 மார்ச் 13-ல் குண்டுமழை தொடங்கியது. மே 7-ல் எல்லாம் முடிந்தது.

"உன் மென்பொருள் அந்தப் பீரங்கியை ஏற்றியிருக்குமா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "ஏற்றாது தாத்தா. முடியாது என்று நினைத்தவர்கள்தானே விதியை எழுதியிருப்பார்கள். அதற்குத்தான் நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம். நடுவில் புகுந்து எதிரியை நாங்களே நகர்த்தலாம்."

"புகுவீர்களா?"

"தானாகச் சரியாக ஓடும்போது... சும்மா பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒருமுறை பழைய கோப்பைப் பார்த்து அப்படியே ஒரு உத்தரவைத் தயாரித்தேன். வழக்கமாகச் சரியாக இருப்பதால் மேலதிகாரி படிக்காமல் கையெழுத்திட்டார். ஒரு விதவைக்கு மூன்று மாதம் பென்ஷன் நின்றுபோனது. தப்பு என்னுடையது. ஆனால் தடுத்திருக்கக் கூடியவர் அவர் ஒருவர்தான்.

"குமாஸ்தா எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. அங்கே பழகுகிறவன் நாளைக்கு உன்னையே நிஜச் சண்டைக்கு அழைத்துப் போகலாம்" என்றேன்.

தலையாட்டினான். கேட்டுக்கொண்டான் என்றுதான் நினைக்கிறேன்.