காற்றின் மேல் போட்ட பழி

வாழை சாய்ந்தால் எங்கள் பக்கத்தில் முதல் பழி காற்றின் மேல்தான் விழும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. வாழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு வாழைக்கு எமன் காற்றுதான் என்ற எண்ணம் மனசில் ஊறிப்போய்விட்டது. எனக்கும்தான். அந்த எண்ணத்தை நான் கேள்வி கேட்காமல் வைத்திருந்ததால் என் தோட்டம் கெட்டது. அது என் நஷ்டம், போகட்டும். என்னை நம்பிக் கட்டை வாங்கிப் போனவர்கள் தோட்டமும் கெட்டது. அதைத்தான் இங்கே சொல்லவேண்டும்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து வடலூர் போகிற பக்கத்தில் எங்களுக்கு ஒரு காணி செம்மண் நிலம் இருக்கிறது. பெருமாள் ஏரித் தண்ணீர் எட்டாத மேடு, போர் தண்ணீர்தான். வழக்கமாக மணிலா போடுவோம். தெரிந்தவர் ஒருவர் தோட்டத்தில் பூவன் தார்களைப் பார்த்து ஆசைப்பட்டு, அவரிடமே கட்டை வாங்கி நட்டேன். ஈட்டிக் கன்றாகப் பார்த்துப் பொறுக்கியதில் எனக்கு ஒரு பெருமை. அடியில் ஒட்டியிருந்த வேரையும் மண்ணையும் அப்படியே வைத்து நட்டேன். தாய் மண் கொஞ்சம் கூட வந்தால் கன்று சீக்கிரம் பிடிக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

முதல் தார் குறை சொல்லும்படி இல்லை. அந்தத் தெம்பில்தான் கேட்டவர்களுக்கெல்லாம் கட்டை கொடுத்தேன். குள்ளஞ்சாவடியில் என் மச்சான், மருவாயில் ஒரு கூட்டாளி, எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர். காசு வாங்கவில்லை. வாழைக்கட்டைக்கு உறவில் காசு வாங்குவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை.

மறுதாம்பில்தான் சிக்கல் தொடங்கியது. மரம் உயரமாக வளர்ந்தது, தண்டு பருக்கவில்லை. அடி இலைகள் காலத்துக்கு முன்னே பழுத்தன. பூ தள்ளுவது தள்ளிக்கொண்டே போனது. உரம் போதவில்லை என்று யூரியாவும் பொட்டாஷும் கூட்டினேன். மண் பரிசோதனைக்கும் கொடுத்தேன். வந்த அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகளின் கணக்கு இருந்தது, பெரிய குறை எதுவும் சொல்லவில்லை. அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். அந்தப் பரிசோதனை நான் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும், மண்ணில் என்ன உயிர் ஓடுகிறது என்று அது பார்ப்பதே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆடிக் காற்றில் தார் விட்ட மரங்கள் சாய ஆரம்பித்தன. சவுக்குக் கம்பு வாங்கி முட்டுக் கொடுத்தேன். முட்டோடு சேர்ந்து சாய்ந்தன. முட்டுக் கட்டியவரைக் கூப்பிட்டு நாலு பேர் எதிரில் சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, மறுநாள் வேலைக்கும் வரவில்லை. விழுந்த மரங்களைக் கழித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர்தான், "வேரெல்லாம் அவிஞ்சி கருத்துப் போயி கெடக்குது, பாருங்கண்ணே" என்று கிழங்கைப் புரட்டிக் காட்டினார். நான் குனியக்கூட இல்லை. "வாழை வேர் வேற எப்படி இருக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வாடல் நோயாக இருக்குமோ என்று பிறகு ஒரு சந்தேகம் வந்தது. மருந்துக் கடையில் கேட்டேன், பூஞ்சைக் கொல்லி கொடுத்தார்கள். மரத்துக்கு மரம் ஊற்றினேன். வாடல் நோய் என்றால் தண்டைக் குறுக்கே வெட்டியதும் நீர் ஓடும் குழாய்கள் பழுப்பேறி வளையம் வளையமாகத் தெரியும். கூன்வண்டு என்றால் கிழங்கில் துளையும் சுரங்கமும் இருக்கும். இரண்டுமே என் மரங்களில் இல்லை. வெட்டிப் பார்த்திருந்தால் அரைமணி நேரத்தில் தெரிந்திருக்கும். வெட்டாமலே மருந்து ஊற்றினேன்.

அண்ணன் மகள் சிதம்பரத்தில் அண்ணாமலை நகரில் வேளாண்மை படிக்கிறாள். பொங்கல் லீவில் வந்தவள் தோட்டத்தைப் பார்க்க வந்தாள். சாய்ந்து கிடந்த ஒரு மரத்தைச் சுற்றி வந்து, "சித்தப்பா, காத்துன்னா தண்டு முறியும். இது கிழங்கோட பிடுங்கிக்கிட்டு வந்திருக்கு" என்றாள். புயல் காற்று ஆரோக்கியமான மரத்தையும் வேரோடு பிடுங்கும்தான். ஆனால் சாதாரண ஆடிக் காற்றுக்கு மரம் கிழங்கோடு படுத்தால், மண்ணைப் பிடித்துக்கொள்ள அதற்கு வேரே இல்லை என்று பொருள். கிழங்கைப் புரட்டினாள். கயிறு கயிறாக நாலாபக்கமும் ஓடியிருக்க வேண்டிய வேர்கள் விரல் நீளத்தில் கருகி முடிந்திருந்தன. அந்த அம்மா காட்டிய அதே வேர்கள்.

அவள் அந்தச் செத்த வேர்களை எடுக்கவில்லை. நின்றுகொண்டிருந்த மரத்தடிக்குப் போனாள். பூ தள்ளி, இலை மட்டும் வெளுத்திருந்த மரம். அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஓர் அடி ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டி, பாதி நல்லதும் பாதி நோயுமாக இருந்த வேர்களை எடுத்தாள். இது நூற்புழு வேலையாக இருக்கும், முழுக்க அழுகின வேரை அந்தப் புழு விட்டுவிட்டுப் போய்விடும், உயிருள்ள வேரில்தான் அது இருக்கும் என்றாள். திண்ணையில் உட்கார்ந்து, குண்டானில் தண்ணீர் வைத்து மண் போக அலசி, பிளேடால் ஒரு வேரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தாள்.

மேலே பார்க்க அது சாதாரண வேர்தான். உள்ளே தோல் பகுதி முழுக்கச் செம்பழுப்பு, இடையிடையே கருஞ்சிவப்பாகப் புண்கள். துரு ஏறிய ஆணியைப் போல் இருந்தது. நடு நரம்பு மட்டும் வெள்ளையாக நின்றது. இன்னொன்றைப் பிளந்தாள், அப்படியே. பிறகு எழுந்து கொல்லைப்புறம் போனாள். குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் எப்போதோ வைத்த மொந்தன் ஒன்று நிற்கிறது. அதன் வேர் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பிளந்தாள். விளிம்பிலிருந்து நடு வரை பால் வெள்ளை. இரண்டையும் ஒரு தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. வேற எப்படி இருக்கும் என்று நான் கேட்டதற்குப் பதில் அந்தத் தட்டில் இருந்தது.

ஈரமண்ணும் வேருமாகப் பாலிதீன் பையில் கட்டி, வெயில் படாமல் ஈரச்சாக்கில் சுற்றி அவள் கல்லூரிக்கு எடுத்துப் போனோம். காய்ந்தாலும் சூடேறினாலும் புழு செத்துவிடும், செத்த புழு வெளியே வராது. எப்படி வரவழைக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் நான் அசந்துபோனேன். வேரைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, சல்லடை மேல் டிஷ்யூ காகிதம் விரித்து அதில் பரப்பி, அடி நனையும் அளவுக்குத் தண்ணீர் வைத்துவிடுகிறார்கள். ஓரிரு நாளில் புழு தானாகக் காகிதத்தைத் தாண்டித் தண்ணீரில் இறங்கிவிடும். பேர்மன் என்பவர் 1917இல் வகுத்த முறையிலிருந்து வந்ததாம். மண்ணிலிருந்து எடுக்க, மண்ணைக் கரைத்துத் தெளிய விட்டுச் சல்லடைகளில் வடிப்பது இன்னொரு முறை. அது காப் என்ற அமெரிக்கருடையது. அவரே 1893இல் பிஜித் தீவிலிருந்து வந்த வாழை வேரில், வேரைக் குடைந்து போகும் நூற்புழுவை முதலில் விவரித்தவர். இந்தியாவில் அந்தக் குடையும் நூற்புழுவைக் கேரளத்து வாழையில் கண்டு சொன்னது 1966இல். இந்தோனேசியாவின் பங்கா தீவில் மிளகுத் தோட்டங்களைப் பாழாக்கியதும் அதே இனம்தான்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபோது முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு நிறமில்லாத நூல் ஒன்று நெளிந்தது. முழு நீளமும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தலைப்பக்கத்தில் ஊசி ஒன்று, அதைச் செல்லில் குத்தி உறிஞ்சுகிறது. என் தோட்டத்தில் இருந்தது எது என்று அங்கே பார்த்துச் சொன்னார்கள். குடையும் நூற்புழுவும் வேர்ப்புண் நூற்புழுவும் வெறும் கண்ணுக்கு ஒரே மாதிரிப் புண்ணைத்தான் உண்டாக்கும். பெண் புழுவின் பிறப்புத் துவாரம் உடம்பின் நடுவில் இருந்தால் முந்தையது, வால் பக்கம் தள்ளி இருந்தால் பிந்தையது. எனக்கு இருந்தது வேர்ப்புண் நூற்புழு. கூடவே சுருள் நூற்புழுவும் இருந்தது. அது சாகும்போது உடம்பைச் சுருட்டிக்கொள்ளும், வேரின் மேல்தோலில் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் புண் வைக்கும். நுனி வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, அதற்கு நுண்ணோக்கியே வேண்டாம்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் அவள் கேட்டாள்: "இந்தக் கட்டையை எங்க வாங்கினீங்க சித்தப்பா?" சொன்னேன். "வேரைச் சீவிட்டா நட்டீங்க?" இல்லை என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "இதுலேர்ந்து யாருக்காவது கட்டை குடுத்தீங்களா?"

பஸ் வந்தது. ஏறவில்லை. மச்சான் சைக்கிளில் கட்டையை அடுக்கிக் கட்டும்போது, மண் உதிர்ந்துவிடாமல் சாக்குப் போடச் சொன்னது நான். மருவாய்க்காரருக்கு, என் தோட்டத்தில் நன்றாக வந்த மரத்தடியிலிருந்து பார்த்துப் பார்த்து வெட்டிக் கொடுத்ததும் நான். இந்தப் புழு தானாக நகர்ந்தால் வருஷம் முழுக்கச் சில முழம்தான் போகும். குள்ளஞ்சாவடிக்கு அதால் நடந்து போக முடியாது. நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். அடுத்த பஸ்ஸில் ஏறி ஊர் வரும்வரை இது ஒன்றுதான் மனசில் ஓடியது.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது உண்மை. அவர்கள் மரம் அப்போது நன்றாகத்தான் நின்றது. போய்ச் சொன்னேன். மச்சான் முதலில் நம்பவில்லை. அங்கேயே ஒரு வேரைத் தோண்டிப் பிளந்து காட்டினேன். செம்பழுப்பு. அவர் தட்டில் போட்ட சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தெருப் பெரியவர் மட்டும், "ஒனக்கும் தெரியாதுல்ல, விடு" என்றார். அதுதான் அதிகம் வலித்தது, ஏனென்றால் எனக்கு ஒருவர் காட்டியிருந்தார். முட்டுக் கட்டியவர் வீட்டுக்கும் போனேன். வாசலில் நின்றே பேசிவிட்டு வந்தேன்.

நான்கு தோட்டத்திலும் வாழையை எடுத்துவிட்டோம். ஏரிப் பாசன வயலாக இருந்தால் நெல் போட்டுத் தண்ணீர் கட்டிப் புழுவைக் குறைக்கலாம், எங்கள் மேட்டில் தண்ணீர் நிற்காது. சணப்பு விதைத்து மடக்கி உழுதோம், துலுக்கச் சாமந்தி போட்டோம். சாமந்தி வேரில் உள்ள பொருள் நூற்புழுவுக்கு ஆகாது. பூவும் விற்றது, வாழையில் போனதற்கு அது ஈடாகவில்லை. இப்போது திரும்ப நடும் கட்டையில் வேர் ஒன்று விடாமல் அறுத்து, பழுப்புத் தெரியும் இடத்தை வெள்ளை வரும்வரை சீவி, 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிஷம் வைக்கிறோம். கை பொறுக்கிற சூடு என்று குத்துமதிப்பாகச் செய்யக்கூடாது, சூடு குறைந்தால் புழு சாகாது, கூடினால் கட்டை வெந்துவிடும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், மச்சானும் அதைத்தான் வாங்கிப் போகிறார். குழியில் வேப்பம்பிண்ணாக்கு போடுகிறோம். புழுவை அடியோடு ஒழித்துவிட்டோம் என்று சொல்லமாட்டேன், மண்ணில் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

கட்டை வாங்கப் போகிறவர்கள் தாரைப் பார்ப்பதோடு ஒரு மண்வெட்டியும் பிளேடும் எடுத்துக்கொண்டு போங்கள். பூ தள்ளிய மரம் நாலைந்தைப் பார்த்து மரத்துக்கு ஒரு வேரைப் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாக இல்லாவிட்டால், கொடுப்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வேரையும் ஈரமண்ணையும் பக்கத்து வேளாண் கல்லூரிக்கோ, 1993இலிருந்து திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கோ எடுத்துப் போய்க் கேளுங்கள். என்னிடம் கட்டை கேட்டு வருகிறவர்களை இப்போது நானே முதலில் மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் கூட்டிப் போகிறேன்.